ஏழாம் படியில் நின்ற கால்

ஜனவரி 9

அக்கா,

போன் செய்யவில்லை. செய்தாலும் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் "ம்" என்பாய், அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் பத்து நாள் ஆராய்ச்சி செய்வேன். காதை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது ஒரு தொல்லை. கடிதத்தில் குரல் கிடையாது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அம்மாவிடம் ரகசியம் சொல்வதும் கூரைமேல் ஏறிக் கூவுவதும் ஒன்றுதான். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் இல்லையா? இந்த வருட விருதுக்கு ஒலிப் பிரிவில் போட்டியிடும் ஐந்து படங்களில் நான் வேலை செய்த படமும் ஒன்று. ஆமாம், நம் டைரக்டர் தலைக்கண்ணாடியின் புதுப் படம்தான். மனிதர் இன்னும் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அறை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறார். காலடிச் சத்தம் என்ற வரியில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். தனியாக. எழுத்துப்பிழை இல்லாமல்.

வருடா வருடம் நாம் செய்வது உனக்கு மறந்திருக்காது. போட்டிக்கு வந்த ஐந்தையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஆளுக்கொரு தாளில் எழுதி, மடித்து, மாற்றிக்கொள்வோம். பேசினால் சண்டை வருகிறது என்று அம்மா போட்ட சட்டம். எழுதினாலும் சண்டை வந்தது, சத்தம் மட்டும் குறைவாக. போன வருடமும் நான் என் தாளை எழுதினேன். மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

உனக்கு ஒலிக்கலைஞர் சங்கத்தில் இன்னும் விருது ஓட்டு இருக்கிறது என்று தெரியும். ஓட்டுக் கேட்டு எழுதவில்லை, சத்தியமாக. தாள் கேட்டு எழுதுகிறேன். ஐந்தைப் பற்றியும் எழுது. என் படத்தைத் திட்டினாலும் சரி. திட்டாமல் விட்டால்தான் பயம்.

பின்குறிப்பு: ஷூ அலமாரியில் அந்தப் பழுப்பு ஜோடியை, குதிகால் வைத்ததை, இரண்டு வருடமாகக் காணோம். அந்த இடத்தில் உன் ரப்பர் செருப்பு கிடக்கிறது. சும்மா கேட்டு வைத்தேன்.

ஜனவரி 20

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள். இந்த ஒரு வார்த்தையை மூன்று தாள்களில் எழுதிக் கிழித்திருக்கிறேன். இது நான்காவது. கையெழுத்து நேராக வரும்வரை எழுதினேன்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள், அவளுக்குப் புரிந்த அளவில். செவிப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் கை தூக்க வேண்டும். சிலர் ஒன்றும் கேட்காதபோதும் தூக்குவார்கள், கௌரவத்துக்காக. அவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

சேர்ந்த அன்று டாக்டரம்மா கேட்டார்: "முன்னாடி என்னம்மா வேலை பாத்தே?"

"நடந்தேன் டாக்டர்."

"நடந்தியா? வாக்கிங்கா?"

"நடிகைங்களுக்காக நடந்தேன். ஷூட்டிங்ல கால் சத்தம் சரியா விழாது டாக்டர். அப்புறமா ஒரு அறைல திரையைப் பாத்துக்கிட்டே, அந்தம்மா கால் வைக்கிறப்ப நானும் கால் வைப்பேன். தியேட்டர்ல நீங்க கேக்குறது என் கால்."

"அப்ப இத்தனை வருஷமா நான் பாத்தது பொய்யா?"

"பாத்தது நிஜம் டாக்டர். கேட்டதுதான் பொய்."

அவர் அரை நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடத்தை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டேனே என்று இருந்தது.

தலைக்கண்ணாடியின் பெயரை நீ இவ்வளவு சுலபமாக எழுதுகிறாய். போன படத்தின்போது, அந்த மார்ச் மாதக் காலையில், அவர் நம் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "அக்கா நடையில சோகம் ஜாஸ்தி. முழுப் படமும் தங்கச்சியே நடக்கட்டும். பேரும் ஒண்ணு போதும்." நீ பதிவு மேசையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை. ஒரு "சார்"கூட இல்லை. நான் கதவைச் சாத்தினேன், பின் படிக்கட்டு வழியாக இறங்கினேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன். அந்த அவசரத்தில் செருப்பை மாற்றவில்லை. அந்தப் பழுப்பு ஜோடி என்னிடம்தான் இருக்கிறது. போடுவதில்லை.

தாள் கேட்டாய். இரண்டு படம் பார்த்திருக்கிறேன்.

போர்ப்படம்: இரண்டேகால் மணி நேரம் குண்டு. என் நாற்காலி நடுங்கியது, பக்கத்து நாற்காலிக்காரரின் பற்கள் நடுங்கின. பயம் என்பது சத்தத்துக்கு முன்னால் வருவது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் ஒரு சிப்பாய் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகுகிறான். மரை சரியாக விழாமல், எடுத்து மறுபடி திருகுகிறான். அந்த நான்கு விநாடிக்கு விருது கொடுக்கலாம். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குதிரைப் படம்: பனி, புல்வெளி, பேசிக்கொள்ளாத அப்பாவும் மகனும். பார்க்க அழகு. ஆனால் அந்தக் குதிரைக்கு மூன்று கால்தான். பின்னங்கால் ஒன்றை யாரோ மறந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேள். மூன்று கால் குதிரை ஜெயித்தால் நான் சங்கத்திலிருந்து விலகிக்கொள்வேன்.

உன் படம் இந்த ஊரில் ஓடுகிறது. பார்க்க நேரமில்லை. இந்தக் கடைசி வாக்கியம் பொய். நேரம் நிறைய இருக்கிறது.

ஜனவரி 27

அக்கா,

மூன்று கால் குதிரையை நான் மூன்று முறை பார்த்தேன். நாலு காலும் இருக்கிறது. நீ கோபத்தோடு எண்ணியிருக்கிறாய்.

போர்ப்படத்தையும் சும்மா திட்டாதே. முதல் குண்டு விழுந்ததும் அந்தப் பையனுக்குக் காது அடைத்துப்போய், பதினைந்து விநாடி நமக்கும் ஒன்றுமே கேட்காது. அவன் வாய் மட்டும் அசையும். எனக்கு வயிறு எரிந்தது. இடைவேளையில் வெளியே வந்து நின்று, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, சத்தத்தை நிறுத்தத் தெரியாதா எனக்கு என்று சுவரிடம் பேசினேன். குப்பி மூடி எனக்குக் கேட்கவே இல்லை. உனக்குக் கேட்டிருக்கிறது. அதற்கும் வயிறு எரிந்தது.

பொறாமையை உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்ன? நீ போன பிறகு இங்கே என் கதை என்ன தெரியுமா? நான் நன்றாக நடந்தால், "அப்படியே அக்கா மாதிரி" என்கிறார்கள். சொதப்பினால், "அக்கா இருந்திருந்தா..." என்று இழுக்கிறார்கள். நல்லது வந்தால் உன்னுடையது, கெட்டது வந்தால் என்னுடையது. நீ ஊரைவிட்டே போனாய், ஆனால் இந்த அறையைவிட்டுப் போகவில்லை. உன் செருப்புக்கு இருக்கிற மரியாதை இங்கே என் காலுக்கு இல்லை.

வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரிதான். அதைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ என் படத்தைப் பார்த்த பிறகு எழுதுகிறேன், முன்னால் முடியாது. முக்கால்வாசிப் படத்துக்குப் பிறகு ஒரு கதவு மூடும். அதுவரை எழுந்து போய்விடாதே.

அம்மா கேட்கிறாள், "ரெண்டு பேரும் சினிமாவைப் பத்தியேதான் எழுதிக்குறீங்களா?" என்று. ஆமாம் என்றேன். "வெளங்கிடும்" என்றாள்.

பிப்ரவரி 6

தங்கைக்கு,

முதலில் மற்ற இரண்டும்.

பாட்டுப் படம்: எல்லாரும் பாடுகிறார்கள், ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பாட்டின் நடுவே வரும் மூச்சையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டார்கள். மூச்சு விடாமல் பாடுகிறவர்கள்மேல் எனக்குப் பொறாமை வராது. பயம்தான் வரும்.

நீதிமன்றப் படம்: மின்விசிறி, தட்டச்சு, பேனா மூடி. நேர்மையான வேலை. கிழவர் சாட்சிக் கூண்டிலிருந்து எழுந்திருக்கும்போது நாற்காலியின் முனகலும் முழங்காலின் முனகலும் ஒன்றாக வருகின்றன. எது எது என்று பிரிக்க முடியவில்லை. என் ஓட்டு இதற்குத்தான் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு உன் படத்துக்குப் போனேன். பதினோரு பேர் இருந்தோம். முதல் ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. உன் கால் எனக்குத் தெரியும். குதிகால் முதலில், எப்போதும் கொஞ்சம் அவசரம், திரும்பும்போது வலது விளிம்பில் ஒரு உரசல். அந்தக் கதாநாயகி சமையலறையில் அவசரப்பட்டாள், மழையில் அவசரப்பட்டாள், மருத்துவமனையில் காத்திருக்கும்போதுகூட அவசரப்பட்டாள். அதே பழைய அவசரக்குடுக்கை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. தங்கையின் குறை கண்ணில் பட்டதும் இவ்வளவு சந்தோஷமா என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூச்சம் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

அப்புறம் அந்தக் கதவு.

அவள் வீட்டைவிட்டுப் போகிறாள். கேமரா அவளோடு போகவில்லை. மூடிய கதவும், மேசையருகே உட்கார்ந்திருக்கும் கணவனும் மட்டும். வெளியே அவள் படி இறங்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோபமாக. ஏழாம் படியில் நிற்கிறாள். கைப்பிடிக் கம்பியில் மோதிரம் லேசாகப் படுகிறது. பிறகு ஒரு படி, ஒரே ஒரு படி, மேலே ஏறுகிறாள். மறுபடி நிற்கிறாள். யாராவது கூப்பிட மாட்டார்களா என்கிற நிற்பு அது. என் முன்வரிசையில் ஓர் அம்மா, திரையில் இருக்கும் கணவனைப் பார்த்து, "கூப்பிடேன்டா பாவி" என்றார், சத்தமாகவே. அவன் கூப்பிடவில்லை. அவள் இறங்குகிறாள். இப்போது காலில் கோபம் இல்லை. எடை மட்டும்தான் இருக்கிறது.

அது உன் நடை இல்லை. உனக்கு நிற்கத் தெரியாது. எங்கே கற்றுக்கொண்டாய்? யாரிடம்?

பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். புத்தகங்களில் அது பாம்பாக வருகிறது, தீயாக வருகிறது. எனக்கு வந்தது அவ்வளவு கம்பீரமாக இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி இருக்கிறது. நாலு நாளாக, நோயாளிகளுக்குச் சத்தம் அனுப்பிக்கொண்டே, நான் அந்தப் படியில் நிற்கிறேன். பன்னிரண்டு வருடம் நடந்தேன். அப்படி ஒரு நிற்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "சோகம் ஜாஸ்தி" என்று என்னை அனுப்பியவரின் படத்தில், உனக்கு மட்டும் அது அளவாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஷூ நம் பழுப்பு ஜோடி போலவே ஒலித்தது. அதே மாதிரி வேறொன்று வாங்கிவிட்டாய் போலிருக்கிறது.

ஓட்டுச்சீட்டையும் இன்றே தபாலில் போட்டுவிட்டேன். யாருக்கு என்று கேட்காதே.

பிப்ரவரி 15

அக்கா,

உன் கடிதத்தை வாசல்படியில் நின்றே படித்தேன். படித்துவிட்டு நான்கு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு இனிப்பாக இருந்தது. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்! கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். நாலு நாள் அதை என்னுடையதாகவே வைத்துக்கொண்டேன். இனிமேல் முடியாது.

அது நான் இல்லை. நீதான்.

அந்த மார்ச் மாதக் காலையில் பின் படிக்கட்டில் மைக் தொங்கவிட்டிருந்தோம், நினைவிருக்கிறதா? ஆள் நடமாட்டம் இல்லாதபோது படிக்கட்டு எப்படி ஒலிக்கும் என்று பதிவு செய்ய. தலைக்கண்ணாடி வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நீ கதவைச் சாத்தினாய். என் தலையில் ஹெட்போன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

நீ இறங்குவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழில் நின்றாய். ஒரு படி மேலே வந்தாய். அங்கே நீ நின்றது பத்தொன்பது விநாடி. கதவு எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது. "அக்கா" என்றால் போதும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அறைக்குள் கால் வைத்த நாளிலிருந்து நாம் படித்த முதல் பாடம் என்ன? விளக்கு எரிந்தால் வாயை மூடு. தும்மலைக்கூட விழுங்கியிருக்கிறோம். என் குரல் விழுந்தால் பதிவு கெட்டுவிடும். அந்த நேரத்தில் நான் அதைத்தான் நினைத்தேன் அக்கா. அக்கா போகிறாளே என்று நினைக்கவில்லை. ஒலி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு, "அடேயப்பா, என்ன ஒரு டேக்" என்று நினைத்தேன்.

தலைக்கண்ணாடி முன்னால் வாயைத் திறக்காதது பயம். இது பயம்கூட இல்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. உன் முன்வரிசை அம்மா என்னைத்தான் திட்டியிருக்கிறார்.

இந்தப் படத்துக்கு அந்தக் காட்சியை நாற்பது தடவை நடந்தேன். "இல்லம்மா, இவ பஸ்ஸுக்கு ஓடுறா" என்றார் தலைக்கண்ணாடி. நாற்பத்தோராவது தடவைக்குப் பதிலாக, "படிக்கட்டு, காலி" என்று பெயர் எழுதி இத்தனை நாள் திறக்காமல் வைத்திருந்த பதிவை ஓடவிட்டேன். அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி முகத்தில் மாட்டிக்கொண்டார், சத்தத்தைப் பார்க்கப் போகிறவர் மாதிரி. "இதான்! இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுச் சொன்னேன்.

"சார், அந்தக் கதவுக் காட்சியில நடக்குறது எங்க அக்கா."

"அதனால என்னம்மா, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கும் இந்த வாரம் தெரிஞ்சிடும். சோகம் ஜாஸ்தின்னு நீங்க அனுப்பினீங்களே, அன்னைக்கு இறங்கிப் போன சத்தம் சார் அது."

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "லிஸ்ட்டைத் தொட்டா படத்தையே தூக்கிடுவாங்கம்மா. இந்தப் படத்துக்காக நடக்காத சத்தம்னு சொல்லிடுவாங்க" என்றார்.

"தூக்கட்டும் சார்."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பெயரைத் திருத்த இருபத்தெட்டாம் தேதிவரை நேரம் இருக்கிறது. படிவம் இத்துடன். உன் கையெழுத்து வேண்டும். நீ போடாவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடச் சொல்லி எழுதிவிடுவேன். உன் கால்மேல் ஏறி நின்றுகொண்டு நான் மேடைக்குப் போகமாட்டேன்.

பிப்ரவரி 19

கடிதம் வந்தது. அந்தப் பதிவை அனுப்பு. படத்தில் இருப்பது வேண்டாம். வெட்டாத முழுப் பதிவு.

பிப்ரவரி 25

தங்கைக்கு,

பதிவு வந்தது. நிலையத்தில், மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். என் நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்தார். "கேட்டா கை தூக்கணும், தெரியும்ல?" என்றார் விளையாட்டாக.

ஏழு படி. நிற்பு. ஒரு படி மேலே. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பத்தொன்பது விநாடியில் என் கை தானாக மேலே போனது. கேட்காதபோதும் தூக்குகிறவர்களைக் கௌரவம் பிடித்தவர்கள் என்று உனக்கு எழுதினேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏதோ அவர்களுக்குக் கேட்டிருக்கலாம்.

நின்றது எனக்கு நினைவில்லை. மேலே ஏறியது சுத்தமாக நினைவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தேன் என்று இந்த இரண்டு வருடமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், முக்கியமாக என்னிடம். அந்த வாக்கியத்தின்மேல்தான் இந்த ஊரில் ஒரு வீடு பிடித்துக் குடியிருந்தேன்.

நீ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதை மன்னிப்பேனா, தெரியவில்லை. இரண்டு நாள் உன்னைத் திட்டி எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தேகம் வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டது. உன் இடத்தில் நான் இருந்து, படியில் நீ நின்றிருந்தால்? நானும் அந்தப் பதிவைக் கெடுத்திருக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்வது உன்னைத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஓட்டைப் போர்ப்படத்துக்குப் போட்டேன். நீதிமன்றப் படத்துக்குப் போட்டிருந்தால் அது கருத்து. குதிரைக்குப் போட்டிருந்தால் ரசனைக் கோளாறு. நான் உட்கார்ந்து யோசித்தேன், எது ஜெயிக்க வாய்ப்பு அதிகம், எதற்குப் போட்டால் நீ நிச்சயம் தோற்பாய் என்று. அந்தக் கதவுக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, அந்தக் காலுக்கு எதிராகப் போட்டேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். நான் லாரியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்.

திட்டுவதானால் திட்டு. உனக்கு வாய் திறந்துவிட்டது அல்லவா.

படிவம் இத்துடன். "இந்தப் படத்துக்காக நடந்தீர்களா?" என்ற கேள்விக்கு எதிரே, "இல்லை. வேலையைவிட்டுப் போவதற்காக நடந்தேன்" என்று எழுதியிருக்கிறேன். தூக்குவதானால் தூக்கட்டும். தூக்காவிட்டால், என் பெயர் முதலில் வர வேண்டும். மூத்தவள் நான்.

மார்ச் 11

அக்கா,

தூக்கவில்லை. விருதுக் குழுவில் ஒரு பெரியவர் உன் பதிலை எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாராம். பிறகு, "பேரைச் சேத்துடுங்க" என்றாராம். உன் பெயர் முதலில் வந்தது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தோற்றுவிட்டோம். நீயும் பார்த்திருப்பாய். போர்ப்படம் ஜெயித்தது. உன் ஓட்டு வீண் போகவில்லை, வாழ்த்துகள். ஒரே ஓட்டு வித்தியாசமாக மட்டும் இருக்கக் கூடாது என்று மூன்று தெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன்.

உன் ஓட்டைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். (ஆமாம், சொல்லிவிட்டேன். கூரைமேல் ஏறாமலே.) இருக்கிறது. ஆனால் யாரும் என்மேல் இவ்வளவு மெனக்கெட்டுப் பொறாமைப்பட்டதில்லை. "அப்படியே அக்கா" என்பதைவிட அது மேல்.

என் பக்கத்து நாற்காலியை உனக்காக ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றும் வைக்கவில்லை. என் கைப்பைக்குள் உன் ரப்பர் செருப்பு இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெயித்திருந்தால் மேடையில் என்ன செய்திருப்பேனோ, தோற்றது நல்லதுதான். ஐந்து படத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு போட்டார்கள். நம்முடையதற்குக் கதவு. அவ்வளவு பெரிய அரங்கம், அவ்வளவு நகை, அவ்வளவு கைதட்டல், எல்லாம் அந்த ஒரு படி மேலே வந்தபோது நின்றது. யாரோ இருமலை அடக்கினார்கள். எனக்குக் கேட்டது.

முடிந்து வெளியே வரும்போது தலைக்கண்ணாடி, கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "உங்க அக்கா வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்மா."

பார்த்தாயா? மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த படத்தில் இரண்டு பெண்கள், ஒரே அறை, முழுப் படமும். இரண்டு பேருக்கும் நானே நடந்து பார்த்தேன். ஒருத்தி அவசரமாக வருகிறாள், இன்னொருத்தி அவசரமாகப் போகிறாள். பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும். நான் கேட்கவில்லை. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 17

தங்கைக்கு,

டாக்டரம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தக் குப்பி மூடிக்காரன் மேடையில் ஏறி, அம்மாவுக்கு நன்றி சொல்லி அழுதான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த ஆள்மேல் எனக்கே. டாக்டரம்மா, "தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

குதிரைப் படத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். நாலு கால் இருக்கிறது.

உன்மேல் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுதான் மூன்று கால் குதிரை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நடந்தது நான். ஆனால் அந்த நடையை எடுத்து ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் வைத்தது நீ. வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் அந்தப் பத்தொன்பது விநாடியை மூன்றாக வெட்டியிருப்பார்கள். நானும் வெட்டியிருப்பேன். சத்தமில்லாத இடத்தை அப்படியே விட்டுவைக்கும் தைரியம் எனக்கு இல்லை. அவசரக்குடுக்கைக்கு அது எப்படி வந்தது என்று யோசித்து யோசித்து இந்த வாரமும் தூக்கம் போனது.

நிலையத்தில் மாதக் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருந்தேன். டாக்டரம்மா, "போம்மா, போய் நட" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ரயில். காலை பத்தரைக்கு அங்கே இருப்பேன். முன்வாசல் வழியாக வரமாட்டேன். பின் படிக்கட்டு வழியாக, பழுப்பு ஜோடியைப் போட்டுக்கொண்டு வருவேன். என் செருப்பைக் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வை.

மேலிருந்து எண்ணினால் ஏழாவது படியில் கொஞ்சம் நிற்பேன். முழங்கால் வலி என்று வைத்துக்கொள். நீ உள்ளே பதிவு மேசையில்தான் உட்கார்ந்திருப்பாய், தெரியும். ஹெட்போனைக் கழற்று. சிவப்பு விளக்கை அணைத்துவிடு.

அணைத்துவிட்டுக் கூப்பிடு.